லைசென்ஸ் இல்லாத மேஸ்திரிக்கு ஐந்துக்கு நான்கு

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த மேஸ்திரியின் மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. அரை மதிப்பெண் தூசிக்காகப் போனது. இன்னொரு அரை, நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சைட்டுக்குப் போனதற்காக. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐந்துக்கு ஐந்து என் கையிலிருந்து சுலபத்தில் வராது என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

வீடு நங்கநல்லூரில். 1994இல் கட்டியது, கீழே நாங்கள், மாடியில் குடித்தனம். கீழ்த்தளத்தின் உள்பக்கம் முழுவதும், கதவு, ஜன்னல், கிரில் உள்பட, மாசி மாதத்தில் பெயிண்ட் அடித்து முடித்தோம். கூலியும் சாமானும் சேர்ந்து 66,360 ரூபாய். செய்தவர் பழவந்தாங்கல் பக்கத்து மேஸ்திரி. ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு டிவிஎஸ் எக்ஸெல், ஒரு நோட்டுப் புத்தகம், கூட நான்கு ஆட்கள்.

“அம்மா, லைசென்ஸ் இருக்கிற ஆள்தானே?” என்று கேட்டான் கலிபோர்னியாவில் இருக்கும் மகன். அங்கே பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு மாநில அரசின் லைசென்ஸ் உண்டு. சி-33 என்று அதற்குத் தனி வகையே இருக்கிறது. நான்கு வருஷ அனுபவம் காட்ட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும். சென்னையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. வயரிங் செய்கிற கான்ட்ராக்டருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு எதுவும் வேண்டாம். நாளைக் காலையில் பிரஷ் வாங்குகிற ஒருவர் மத்தியானமே கான்ட்ராக்டர் ஆகலாம், சட்டப்படி தப்பில்லை. உள்ளே பெயிண்ட் அடிக்க வீட்டுக்காரருக்கும் மாநகராட்சியின் திட்ட அனுமதி தேவையில்லை.

ஆனால் விசிட்டிங் கார்டுகளைப் பார்த்தால் இது தெரியாது. நான் விலை கேட்ட மூன்று பேரில் ஒருவருடைய கார்டில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. என்ன அங்கீகாரம் என்று கேட்டேன். போனைத் திறந்து உத்யம் சான்றிதழைக் காட்டினார். உத்யம் என்பது சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆன்லைனில் ஆதாரும் பானும் கொடுத்து, நம் தொழிலைப் பற்றி நாமே சொல்லிப் பதிந்துகொள்வது, கட்டணமும் இல்லை. கடன் வாங்க, மானியம் கேட்க உதவும். அவருக்குப் பட்டி பார்க்கத் தெரியுமா என்று அதில் யாரும் சோதிப்பதில்லை. இன்னும் சிலர் பொதுப்பணித் துறைப் பதிவைக் காட்டுவார்கள். என் தம்பி அந்தத் துறையில் ஓவர்சியராக இருந்தவன். அது அரசு டெண்டர் எடுப்பதற்கான பதிவு, நம் வீட்டு ஹாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றான்.

சரி, விலைக்கு வருகிறேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

முதலாவது, பெயிண்ட் கம்பெனியோடு இணைந்த ஒரு சர்வீஸ். டி-ஷர்ட் போட்ட பையன் வந்தான், லேசர் கருவியால் அளந்தான், ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்தான். மரியாதையான பையன். 3,180 சதுர அடி, சதுர அடிக்கு 23 ரூபாய், ஆக 73,140, அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 86,305. கதவு, ஜன்னல், கிரில்லுக்கான எனாமல் பெயிண்ட் வேலை தனி. ஒரு வருஷ வாரன்டி.

இரண்டாவது, தங்க எழுத்துக்காரர். அளக்கவே இல்லை. ஹாலில் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, “மொத்தமா 55 குடுங்கம்மா, பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும்” என்றார்.

மூன்றாவது நம் மேஸ்திரி. டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி மதிப்பெண் விழுந்துவிட்டது. 2,740 சதுர அடி, 19 ரூபாய், ஆக 52,060. எனாமலுக்கு மொத்தமாக 9,500.

ஒரே வீட்டுக்கு 3,180 எப்படி, 2,740 எப்படி? எங்கள் கீழ்த்தளம் தரைக் கணக்கில் 820 சதுர அடி. சுவரும் சீலிங்கும் சேர்த்தால் பெயிண்ட் அடிக்கும் பரப்பு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வரும். இது சகஜம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் எதைக் கழிப்பது என்பதில்தான் பணம் இருக்கிறது. கட்டட வேலைகளை அளப்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1200 என்று ஒரு வரிசையே உண்டு; தம்பி அதை மந்திரம் மாதிரி சொல்வான். அரைச் சதுர மீட்டருக்குள் இருக்கும் சிறு திறப்புகளைக் கழிக்க வேண்டாம். அரையிலிருந்து 3 சதுர மீட்டர் வரை உள்ள கதவு, ஜன்னலுக்கு, சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, ஜன்னலைச் சுற்றியிருக்கும் ஓரங்களுக்கு ஈடாக. இது கான்ட்ராக்டருக்கும் நியாயம், நமக்கும் நியாயம். நானும் மேஸ்திரியும் அளந்தது இந்த முறையில். லேசர் பையனுடைய அளவிலோ சமையலறை டைல்ஸும், சுவரோடு கட்டிய அலமாரியின் பின்பக்கமும்கூடப் பெயிண்ட் கணக்கில் இருந்தன. கேட்டால், “சிஸ்டம் எடுக்கிற அளவு மேடம், மாத்த முடியாது” என்கிறான். அவர்கள் விலையிலேயே என் அளவைப் போட்டால் வரியோடு 74,364. அளவில் மட்டும் கிட்டத்தட்ட 12,000 ரூபாய்.

விலை சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள் பலர். எத்தனை சதுர அடி என்பதை அழுத்திக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. தங்க எழுத்துக்காரரின் கார்டில் ஜிஎஸ்டி எண் இருந்தது. 15 இலக்கம். முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்தப் பத்தில் நான்காவது எழுத்து பி என்றால் தனிநபர், சி என்றால் கம்பெனி. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று அச்சடித்திருந்த கார்டில் பி இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் யார் வேண்டுமானாலும் விவரம் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. பார்த்தேன். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தார். அதாவது ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழில்காரர், 6 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அப்படி வாங்க முடியாதவர் என்பதைப் பில்லிலேயே எழுத வேண்டும். இவர் என்னிடம் கேட்டது 18 சதவீதம், அதாவது 9,900 ரூபாய். போனில் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அதன்பின் அவர் என்னை அழைக்கவில்லை.

மேஸ்திரிக்கு ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. பெயிண்டிங் மாதிரி சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. கடையில் வாங்கும் பெயிண்ட் விலைக்குள் 18 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது, 2018 ஜூலை வரை 28ஆக இருந்தது. ஆகவே வரியே கட்டாமல் ஏமாற்றுகிறோமோ என்று யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

வேலையைப் பற்றி. பேசிக்கொண்டது இதுதான்: பழைய பெயிண்டில் பொரிந்ததைச் சுரண்டி, தேவையான இடத்தில் பட்டி வைத்து, தேய்த்து, முழுச் சுவருக்கும் ஒரு கோட் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு இரண்டு கோட் எமல்ஷன் என்ற சுவர்ப் பெயிண்ட். எந்தக் கம்பெனி, அதில் எந்த ரகம் என்பதைப் பெயர் போட்டு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ‘நல்ல பெயிண்ட்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரே கம்பெனியில் மலிவானதும் உண்டு, அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ளதும் உண்டு.

டிரம்மை என் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. 20 லிட்டர் டிரம் ஒன்று, 4 லிட்டர் டப்பா ஒன்று. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும், எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது இரண்டும் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். பரப்பை அதனால் வகுத்தால் இரண்டு கோட்டுக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புக் கணக்கு. வாங்கிய லிட்டரும் காலியான டப்பாவும் ஒத்துவந்தால் இரண்டாவது கோட் நிஜமாகவே விழுந்திருக்கிறது. எங்களுக்கு ஒத்துவந்தது. மிச்சம் முக்கால் லிட்டர், மூடியில் கலர் எண் ஒட்டிய ஸ்டிக்கரோடு லாஃப்டில் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டோ எடுத்தும் வையுங்கள், நாளை டச்சப்புக்கு அதே நிறம் கலக்க உதவும்.

டப்பாவைத் திறந்ததும் மேஸ்திரி முதலில் செய்தது, உள்ளே இருந்த கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்ததுதான். முன்பெல்லாம் பெயிண்டருக்குக் கம்பெனி தரும் டோக்கன் உள்ளே இருக்கும், பட்டி மூட்டையில்கூட. கடையில் கொடுத்தால் காசு. இப்போது ஆப்பில் பாயின்ட் ஏறுகிறது. நாம் கொடுக்கும் விலையிலிருந்துதானே அது போகிறது என்று என் நாத்தனார் பொருமினாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த டோக்கனுக்காக எந்த ரகத்தை நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ரகத்தை முன்பே எழுதி வைத்துவிட்டால் டோக்கன் யாருக்குப் போனால் என்ன?

இவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது பூஜை அறைச் சுவர். பெயிண்ட் பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்தால் உதிரும். தங்க எழுத்துக்காரர் “டேம்ப் ப்ரூஃப் அடிச்சிடலாம்மா” என்று கடந்து போனார். சர்வீஸ் பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு, வாட்டர்ப்ரூஃபிங் தனி எஸ்டிமேட் என்று குறித்துக்கொண்டான். மேஸ்திரி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “டீச்சர், மேல பாத்ரூம்ல தண்ணி போற நானி டிராப் சுத்தி ஒழுகுது. இதுக்கு மேல நான் எதைப் பூசினாலும் ஆறு மாசத்துல பொரிஞ்சு வந்துடும். முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க, இந்தச் சுவரை நான் கடைசியா எடுத்துக்கிறேன்” என்றார். அப்படியே செய்தோம். ஒழுகல் நின்று, சுவர் காய்ந்த பிறகு, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் பூசி, அதற்கான கோட்டிங்கும் கொடுத்தார். அதற்கு 4,800. மொத்தச் செலவு 61,560இலிருந்து 66,360 ஆனது இதனால்தான். வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் கான்ட்ராக்டரை நம்பலாம் என்பது என் கட்சி.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரே பொங்கலுக்கு முன்னால்தான் பெயிண்ட் அடிக்க நினைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழியில் காய்ந்தே இருக்காது. மேஸ்திரிகளும் ஒரே நேரத்தில் நான்கு வீட்டை ஒப்புக்கொண்டிருப்பார்கள். மாசிக்கு மேல் வைத்தால் சுவரும் காய்ந்திருக்கும், ஆளும் கிடைப்பார்.

இனி குறைகள். தூசி. ஜன்னல் கிரில்லில் இருந்தது 1994ஆம் வருஷத்து எனாமல். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தவழும் பேத்தி வந்துபோகும் வீடு இது. குழந்தை உடம்பில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லி முதல் நாளே கேட்டிருந்தேன். காலையில் நனைத்தார்கள். மத்தியானம் பார்த்தால் காய்ந்த தாள், வெள்ளைப் புகை, ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. நான் சத்தம் போட்ட பிறகு கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் கம்பெனி சர்வீஸ் மேல். தூசியை உறிஞ்சும் தேய்ப்பு மெஷின், சாமான்களுக்கு பிளாஸ்டிக் போர்வை எல்லாம் அவர்கள் விலைக்குள்ளேயே வருகிறது. சின்னக் குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீடென்றால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம்.

புது எனாமல் வாங்கும்போதும் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். அந்த 90 பிபிஎம் விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பெயிண்ட் அதற்குள் வராது. கிரில்லுக்குத்தானே என்று கடைக்காரர் எதை நீட்டினாலும் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், பிரைமர் முடிந்ததும் மேஸ்திரி காணாமல் போனார். போன் எடுக்கவில்லை. சாமானெல்லாம் ஹால் நடுவில் குவிந்து கிடக்க, நாங்கள் சமையலறையில் குடித்தனம் நடத்தினோம். திரும்பி வந்து, மடிப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது என்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பணத்தை வேலையின் கட்டத்துக்கு ஏற்பப் பிரித்ததால்தான் அவர் திரும்பி வந்தார் என்று நினைக்கிறேன்: அட்வான்ஸ் 20,000, பிரைமர் முடிந்ததும் 20,000, முதல் கோட் முடிந்ததும் 15,000, எல்லாம் துடைத்துக் கொடுத்த பிறகு 11,360. எல்லாம் யுபிஐ, ஒவ்வொன்றிலும் எதற்கு என்ற குறிப்போடு. பில் போடாத ஆளிடம் இதுதான் நமக்கு ரசீது. நாளைக்கு வம்பு என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது பணம் கொடுத்ததற்கான ஆதாரத்தைத்தான். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஆட்களில் இருவர் பீகார்க்காரர்கள். சீலிங் ரோலர் வேலை முழுக்க அவர்கள்தான், ஒரு திட்டு தெரியவில்லை. மேஸ்திரியிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. பெயிண்டர்களும் அதில் சேரலாம். அவர் மகள் பாலிடெக்னிக் படித்தபோது அதிலிருந்து உதவித்தொகை வந்ததாம். பீகார்ப் பையன்கள் இருவரிடமும் அட்டை இல்லை. ஏணியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், “நான் பார்த்துப்பேன் டீச்சர்” என்றார். நல்ல மனசுதான், காகிதத்தில் இல்லை.

இதனால்தான் வெளிச்சுவரை இன்னும் கொடுக்கவில்லை. உள்ளே ஏணி போதும். வெளியே இரண்டு மாடி உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் காம்பவுண்டுக்குள் இடம் குறைவு, ஒரு பக்கம் கம்பு தெருவில்தான் ஊன்ற முடியும். அதற்கு மாநகராட்சியைக் கேட்க வேண்டும். இபி சர்வீஸ் வயர் வேறு முகப்பை ஒட்டிப் போகிறது, அதற்கு உறை போடாமல் அந்தப் பக்கம் யாரையும் ஏற விட மாட்டேன். ஆட்கள் எல்லாருக்கும் பெல்ட், பையன்கள் இருவருக்கும் வாரியப் பதிவு என்று கேட்டிருக்கிறேன். ஆடி மாதம் வேலை மந்தமாக இருக்கும், முடித்துத் தருகிறேன் என்கிறார். மழை முன்கூட்டியே பிடித்தால் ஒத்திப்போட வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதியாயிற்று. சாரத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு 24 கேட்கிறார். நான் 22இல் நிற்கிறேன்.